சாக்ஸன் சுவிட்சர்லாந்தின் மணற்பாறைகளில் ஒரு பகல் நடை: டிரெஸ்டனிலிருந்து புறப்படுவோருக்கு முழு விவரம்

டிரெஸ்டன் மத்திய ரயில் நிலையத்தில் எஸ்-1 புறநகர் ரயிலில் ஏறினால், முக்கால் மணி நேரத்துக்குள் ராட்டன் என்ற சிற்றூரில் இறங்கிவிடலாம். எல்பெ ஆற்றின் கரையில் மணற்பாறைகள் சுவராகவும் தூணாகவும் எழுந்து நிற்கும் ஊர் அது. ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், செக் நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் இந்தப் பாறை நிலத்துக்குச் சாக்ஸன் சுவிட்சர்லாந்து என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் டிரெஸ்டன் ஓவியப் பள்ளிக்கு வந்த அட்ரியன் ட்ஸிங், அந்தோன் கிராஃப் என்ற இரு சுவிஸ் ஓவியர்கள் தங்கள் நாட்டை நினைத்துக்கொண்டு அப்படி அழைத்ததாகச் சொல்வார்கள். 1990 செப்டம்பரில், கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த கடைசி வாரங்களில், இதில் 93 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

டிரெஸ்டனில் படிக்க வந்தவர்களும், அங்குள்ள சிப் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களும், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரும் பெரும்பாலும் பாறைகளுக்கு நடுவே கட்டிய பாஸ்டை என்ற கல்பாலம் வரை வண்டியில் போய், பத்துப் படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பாலம் அழகானதுதான். ஆனால் அது எந்தப் பாறையின் மேல் நிற்கிறது, அந்தப் பாறை ஏன் அப்படி நெடுக்காகப் பிளந்தது என்பதெல்லாம் கீழேயுள்ள இடுக்குகள் வழியாக நடந்து ஏறினால்தான் விளங்கும். அப்படி நடப்பதற்கான ஒரு நாள் பாதையை, தகுந்த வழிகாட்டி ஒருவரோடு எப்படித் திட்டமிடுவது, எந்த இடத்தில் எதைப் பார்ப்பது, எங்கே எச்சரிக்கையாக இருப்பது என்று படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

பாதையும் அதன் திசையும்

நான் பரிந்துரைப்பது ராட்டனில் தொடங்கி ஸ்டாட் வேலன் என்ற அடுத்த ஆற்றங்கரை ஊரில் முடியும் நடை. ராட்டன், ஆம்சல்சே ஏரி, ஷ்வேடன்லோஹர் இடுக்கு, பாஸ்டை, நாய்ராட்டன் பாறைக்கோட்டை, கல்மேசை, ஊட்டவால்டர் குருண்ட் பள்ளத்தாக்கு, வேலன் என்பது வரிசை. மொத்தம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். ஓய்வும் சாப்பாடும் சேர்த்து ஆறு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டால் அவசரப்பட வேண்டியதில்லை. இரண்டு ஊர்களும் ஒரே ரயில் தடத்தில் இருப்பதால், கார் நிறுத்திய இடத்துக்கே திரும்பி வரும் தொல்லையும் கிடையாது.

இதே பாதையை வேலனிலிருந்து தொடங்கி எதிர்த்திசையில் நடப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பாஸ்டையை நண்பகலில், சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும் நேரத்தில் அடைய வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், எழுநூறுக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட ஷ்வேடன்லோஹரில், களைத்துப்போன கால்களோடு ஈரமான படிகளில் இறங்க நேரிடும். காலையில் தெம்போடு படிகளில் ஏறிவிட்டு, பிற்பகல் வெயிலை மேலே விட்டுவிட்டு, குளிர்ந்த பள்ளத்தாக்கு வழியாக மெல்ல இறங்குவதே முழங்காலுக்கும் மனத்துக்கும் நல்லது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் பாதையில் வழிக்குறிகள் தெளிவாக இருப்பதால், வழி தெரியாமல் போய்விடுமோ என்ற அச்சத்துக்காக வழிகாட்டி தேவைப்படுவதில்லை. பாறையைப் பார்த்தவுடன் அதில் எது கடல் விட்டுச்சென்ற தடம், எது உப்பு அரித்த துளை, எது மனிதன் வெட்டிய பள்ளம் என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஒருவர் உடன் வருவதற்காகத்தான் அவருக்குப் பணம் கொடுக்கிறோம். ஆகவே தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, அவர் தேசியப் பூங்காவின் சான்று பெற்ற வழிகாட்டியா என்பது. அந்தச் சான்றுடையவர்கள் இப்பகுதியின் நிலவியல், தாவரம், பூங்கா விதிகள் ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர்கள். எந்தப் பாதை மூடப்பட்டிருக்கிறது என்பதும் அவர்களுக்கு உடனுக்குடன் தெரியும்.

அடுத்து, குழுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். இடுக்குகளில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும் என்பதால், குழு பத்துப் பேருக்கு மேல் போனால் முன்னால் இருப்பவர் சொல்வது பின்னால் வருபவர் காதில் விழாது. பேசும் மொழி ஜெர்மனா ஆங்கிலமா, கட்டணத்தில் ரயில், படகு, கோட்டை நுழைவு எல்லாம் அடங்குமா, மழை வந்தால் நாளை மாற்றித் தருவார்களா என்பவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

டிரெஸ்டனிலிருந்து சிறு வேனில் அழைத்துச்சென்று, ஒரே நாளில் பாஸ்டையையும் எல்லைக்கு அப்பாலுள்ள பிராவ்சிட்ஸ்கா பிரானா என்ற பாறை வளைவையும் காட்டும் பயணங்களும் விற்கப்படுகின்றன. ஏறத்தாழ 26 மீட்டர் அகலமுள்ள அந்த வளைவு ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய இயற்கை மணற்கல் வளைவு என்பதால் ஆசை எழுவது இயல்பு. ஆனாலும் அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரு பகலில் அடக்கினால், நடையைவிட வேனுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் நினைவில் நிற்கும். செக் பக்கம் போவதானால் பாஸ்போர்ட்டையும் வசிப்பிட அட்டையையும் எடுத்துச்செல்ல மறக்கக் கூடாது.

எப்போது போவது

ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடியவும் சிறந்த காலம். அக்டோபர் காலைகளில் ஆற்றிலிருந்து எழும் மூடுபனிக்கு மேலே பாறைத் தலைகள் மட்டும் தெரியும் காட்சிக்காகவே பலர் விடியும் முன் வந்து காத்திருப்பார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வேலை நாளைத் தேர்ந்தெடுங்கள். சனி, ஞாயிறுகளில் பாலத்தின் மேல் நிற்கவே இடம் கிடைக்காது. குளிர்காலத்தில் டிசம்பர் மாதச் சூரியன் பிற்பகல் நான்கு மணியளவில் மறைந்துவிடும். வெயில் படாத இடுக்குகளில் படிகளின் மேல் உறைந்த பனி, நகரத்தில் வசந்தம் வந்த பிறகும் மார்ச் மாதம் வரை கிடக்கலாம். காலணியில் மாட்டும் பனிமுள் இல்லாமல் அப்போது ஷ்வேடன்லோஹருக்குள் நுழைய வேண்டாம்.

மழையைவிடக் காற்றுக்கு அதிகமாக அஞ்ச வேண்டும். 2018இலிருந்து தொடர்ந்த வறட்சியில் வலுவிழந்த ஸ்புரூஸ் மரங்களைப் பட்டை வண்டுகள் பெருமளவில் அழித்துவிட்டன. பட்டுப்போன மரங்கள் காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று சாயக்கூடியவை. பலத்த காற்று எச்சரிக்கை உள்ள நாளில் வழிகாட்டி நடையை ரத்து செய்தால் வாதாடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். கோடையில் காட்டுத்தீ அபாய நிலையையும் முதல் நாள் மாலையில் பார்த்துவிட வேண்டும். 2022 ஜூலையில் செக் பக்கத்தில் ஹ்ரென்ஸ்கோ அருகே பிடித்த தீ எல்லை தாண்டி இந்தப் பக்கமும் பரவி, வாரக்கணக்கில் பாதைகளை மூட வைத்தது.

எடுத்துச்செல்ல வேண்டியவை

அடிப்பாகம் ஆழமாக வெட்டப்பட்ட, கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் காலணி ஒன்றே உண்மையில் கட்டாயம். தேய்ந்த அடிப்பாகமுள்ள விளையாட்டுக் காலணி, மணல் தூவிய கல்படியில் உருளைக்கட்டையின் மேல் நிற்பதுபோல் வழுக்கும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், மெல்லிய மழைச்சட்டை, பள்ளத்தாக்கில் போட்டுக்கொள்ள ஒரு முழுக்கை ஸ்வெட்டர், படகுக்கும் கழிப்பறைக்கும் கோட்டை நுழைவுக்கும் யூரோ நாணயங்கள் ஆகியவை போதும். இரண்டு கைகளும் கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கத் தேவைப்படும் என்பதால் எல்லாவற்றையும் முதுகுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தோளில் ஒருபக்கமாகத் தொங்கும் பை இடுக்குச் சுவரில் உரசி, உங்களையும் பாறையையும் தேய்க்கும்.

சாப்பாட்டைக் கையில் கொண்டுபோவதே நல்லது. வழியில் உணவகங்கள் உண்டு என்றாலும், சைவம் உண்பவர்களுக்கு அங்கே உருளைக்கிழங்கும் சூப்பும் கேக்கும் தவிர அதிகம் தேறாது. எலுமிச்சைச் சாதம், புளியோதரை, சப்பாத்திச் சுருள் போன்ற, ஆறினாலும் கெடாத எதுவும் பொருந்தும். மீந்ததைப் பறவைக்கும் அணிலுக்கும் போடும் நம் பழக்கம் இங்கே கூடாது. பூங்காவின் விலங்குகளுக்கு உணவிடாமல் ஒரு பருக்கையும் விடாமல் திரும்ப எடுத்து வர வேண்டும்.

ரயிலும் வடத்தில் ஓடும் படகும்

காலை ஏழரைக்கு முன் டிரெஸ்டனை விட்டுக் கிளம்பும் ரயிலைப் பிடியுங்கள். மைசனிலிருந்து வந்து ஷோனாவை நோக்கிச் செல்லும் எஸ்-1இல், நாடு முழுவதும் உள்ளூர்ப் போக்குவரத்தில் பயன்படும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும். அது இல்லாதவர்கள் வட்டாரப் போக்குவரத்தின் நாள் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். போகும் திசையில் இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். பிர்னா நகரைத் தாண்டியதும் ஆறு அந்தப் பக்கத்தில் ஒட்டியே வரும். வேலனை நெருங்கும்போது எதிர்க்கரையில் வெளுத்த செங்குத்துச் சுவர்கள் தெரியும். அவை இயற்கைச் சுவர்கள் அல்ல. பழைய கல் குவாரிகள். டிரெஸ்டன் நகரின் அரண்மனைகளையும் தேவாலயங்களையும் கட்டிய எல்பெ மணற்கல் இத்தகைய குவாரிகளிலிருந்து படகில் ஏறிப்போனது. பெர்லினின் பிராண்டன்பர்க் வாயிலும் எல்பெ மணற்கல்லால் ஆனதுதான்.

ராட்டன் நிலையம் ஆற்றின் ஒரு கரையிலும் ஊர் மறுகரையிலும் இருப்பதால், இறங்கிச் சில நிமிடம் நடந்து படகுத்துறைக்கு வர வேண்டும். இந்தப் படகைச் சும்மா ஏறி இறங்கிக் கடந்துவிடாதீர்கள். ஆற்றின் மேல்பக்கத்தில் நங்கூரமிட்ட நீண்ட வடம் ஒன்று படகைப் பிடித்திருக்கிறது. ஓட்டுநர் படகின் முகத்தை நீரோட்டத்துக்குச் சற்றே சாய்வாகத் திருப்புகிறார். ஓடிவரும் நீர் அதன் பக்கவாட்டில் மோதி, படகைத் தானாகவே மறுகரைக்குத் தள்ளிவிடுகிறது. கடப்பதற்கு எஞ்சின் வேண்டியதில்லை. வெள்ளம் பெருகினால் படகு நின்றுவிடும் என்பதால், தொடர்மழைக்குப் பிறகு போவதானால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். 2002 ஆகஸ்ட்டிலும் 2013 ஜூனிலும் எல்பெ பெருகியபோது இந்தக் கரையோர ஊர்களின் தாழ்ந்த வீடுகள் நீரில் மூழ்கின.

ஆம்சல்சே வழியாக இடுக்கின் வாய்க்கு

ஊருக்குள் கார்கள் அதிகம் வராது. ஓடையை ஒட்டிய தெருவில் ஏரியை நோக்கி நடந்தால், இடப்பக்கம் 1936இல் திறக்கப்பட்ட திறந்தவெளிப் பாறை அரங்குக்குப் பிரியும் வழி வரும். அதைத் தாண்டிக் கால் மணி நேரத்தில் ஆம்சல்சே. 1934இல் ஓடையைத் தடுத்து உண்டாக்கிய சின்ன நீர்த்தேக்கம் இது. கோடையில் துடுப்புப் படகுகள் வாடகைக்குக் கிடைக்கும். ஏரிக் கரையிலிருந்து தலையை உயர்த்திப் பார்த்தால் புகைபோக்கியோடு நிற்கும் ரயில் எஞ்சினைப் போன்ற பாறை ஒன்று தெரியும். அதற்கு லோகோமோட்டிவ் என்றே பெயர். இன்னொரு பக்கத்தில் உச்சியில் தகரத் துறவி உருவம் நிற்கும் தனிப்பாறையின் பெயர் மோன்ஷ். அதன் மேல் 1874இல் இருவர் செயற்கைத் துணைக்கருவி எதுவும் இல்லாமல், கையையும் காலையும் மட்டும் நம்பி ஏறினார்கள். ஏறுவதற்குக் கயிற்றையோ ஆணியையோ பிடிக்காமல், விழுந்தால் தாங்கமட்டும் கயிற்றைப் பயன்படுத்தும் தூய பாறையேற்றத்தின் பிறப்பிடங்களில் ஒன்றாக இந்தப் பகுதி கருதப்படுவதற்கு அதுபோன்ற ஏற்றங்களே காரணம்.

ஏரியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஷ்வேடன்லோஹர் என்ற பலகை இடப்புறம் கைகாட்டும். நேரே போனால் ஆம்சல் அருவி. மழைக்காலம் இல்லையென்றால் அது வெறும் தண்ணீர்த் திரையாகத்தான் இருக்கும், தவறவிட்டாலும் இழப்பில்லை.

ஷ்வேடன்லோஹர்: பாறையை அருகில் பார்க்கும் இடம்

1639இல், முப்பதாண்டுப் போரின்போது, ஸ்வீடன் நாட்டுப் படை ஊர்களைக் கொளுத்திக்கொண்டு வந்தபோது சுற்றுப்புறக் குடியானவர்கள் தங்கள் உடைமைகளோடு வந்து ஒளிந்த இடம் என்பதால் இந்த இடுக்குக்கு ஸ்வீடன்காரர்களின் பெயர் ஒட்டிக்கொண்டது. நடப்பவர்களுக்காக இதில் பாதை போடப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். கல், மரம், இரும்பு என்று மாறி மாறி வரும் படிகள். சில இடங்களில் இரு சுவருக்கும் இடையே ஒரு ஆள் மட்டும் நுழையும் அகலம். தலைக்கு மேல் விழுந்து சிக்கிக்கொண்ட பெரும்பாறைகள். நிறுத்தாமல் ஏறினால் அரை மணி நேரம்தான். ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நுழைந்தவுடன் முதலில் உணர்வது குளிர். வெயில் எட்டாத, ஈரம் காயாத இந்தப் பள்ளங்களில் காற்று மேலே உள்ளதைவிடக் கனத்துக் குளிர்ந்து அடியில் தங்கிவிடும். அதனால் மலையில் வழக்கமாகக் காணும் வரிசை இங்கே தலைகீழாகிவிடுகிறது: உயர் மலைகளில் வளரும் ஸ்புரூஸும் மஞ்சள் நிற மலை வயலெட் பூவும் பள்ளத்தின் அடியில் வளர, காய்ந்த பாறை உச்சியில் பைன், பிர்ச் மரங்கள் வேர் பிடித்திருக்கும். சுவரில் எலுமிச்சை நிறப் பொடி அப்பியதுபோலத் தெரிவது வெறும் பாசி அல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன் வகை ஒன்று. தொட்டால் விரலில் ஒட்டிவரும் என்பதால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியக் காலத்தில், இந்த இடம் ஆழமற்ற கடலாக இருந்தது. அருகிலிருந்த நிலத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல், சில இடங்களில் 600 மீட்டர் தடிமன் வரை படிந்து இறுகியது. அதனால்தான் சுவரில் கிடைக்கோடுகள் தெரிகின்றன; ஒவ்வொரு கோடும் படிவு மாறிய ஒரு காலத்தின் எல்லை. கோடுகளுக்கு நடுவே சாய்ந்து கிடக்கும் மெல்லிய வரிகளைக் கண்டால் வழிகாட்டியை நிறுத்திக் கேளுங்கள். கடலடி நீரோட்டம் மணலைத் தள்ளிச் சென்ற திசை அதில் பதிந்திருக்கிறது. பிறகு கடல் விலகி, நிலம் உயர்ந்து, பக்கத்திலுள்ள லவுசிட்ஸ் பகுதியின் கருங்கல் பெருந்தொகுதி இந்த மணற்பாறையின் மேல் வந்து அழுத்தியபோது, பாறை செங்குத்தாக, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பிளந்தது. கிடைக்கோடுகளும் நெடுக்குப் பிளவுகளும் சேர்ந்து பாறையைச் சதுரம் சதுரமாக வெட்டிவிட, எல்பெயும் அதன் ஓடைகளும் அந்தப் பிளவுகளை அகலமாக்கிக்கொண்டே போயின. நீங்கள் ஏறிக்கொண்டிருக்கும் இடுக்கும் அப்படி அகன்ற ஒரு பிளவுதான்.

நடுவழியில் எங்காவது ஒரு தொங்குபாறையின் அடியில் நின்று சுவரை நெருங்கிப் பாருங்கள். பெருவிரல் நுழையும் அளவுக்கு அடுத்தடுத்துச் சிறு குழிகள், நடுவே மெல்லிய தடுப்புச் சுவர்கள், குழியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்த உப்பு. மழைநீர் பாறைக்குள் ஊறிச் செல்லும்போது உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியானதும் உப்பு படிகமாகி, மணல் துகள்களுக்கு இடையே வளர்ந்து அவற்றை ஒவ்வொன்றாக நெம்பித் தள்ளிவிடுகிறது. அந்தக் குழிக்கு நேர் கீழே, பாதையோரத்தில், சலித்துக் கொட்டியதுபோன்ற புதுமணல் கிடக்கும். பழுப்பு நிறத்தில் விலா எலும்புபோல் துருத்திக்கொண்டு நிற்கும் பட்டைகள், இரும்பு சேர்ந்து இறுகிய பகுதிகள். சுற்றியுள்ளது உதிர்ந்துபோக அவை மட்டும் எஞ்சி நிற்கின்றன. குழிகளை விரலால் நோண்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அவற்றில் ஒரு சென்டிமீட்டர் உருவாக எடுத்த காலத்தை ஒரு கைப்பிடிப்பில் உதிர்த்துவிடலாம் என்பதால் வழிகாட்டி தடுப்பார்.

மணற்கல் நனைந்தால் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. இங்கே பாறையேறுபவர்கள் மழைக்குப் பிறகு பாறை காயும்வரை ஏறுவதில்லை. கை வழுக்காமலிருக்கப் பூசும் மக்னீசியப் பொடியையும் அவர்களுடைய விதி தடைசெய்கிறது. நடப்பவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. நனைந்த விளிம்பில் உடல் எடையைச் சாய்க்காதீர்கள். கைப்பிடிக் கம்பி உள்ள இடத்தில் கம்பியைப் பிடியுங்கள், பாறை முனையைப் பிடிக்காதீர்கள்.

பாஸ்டையும் பாறைக்கோட்டையும்

படிகள் முடிந்து சமதளத்துக்கு வந்தால், பத்து நிமிட நடையில் பாஸ்டை உணவகமும் கூட்டமும் வந்துவிடும். எட்டு மணி வாக்கில் ராட்டனில் இறங்கியிருந்தால் பத்தரைக்குள் இங்கே இருப்பீர்கள். காட்சிமேடைக்கு முதலில் போங்கள். எல்பெ ஆற்றுக்கு 194 மீட்டர் மேலே நிற்கும் இந்தப் பாறை முனை, உள்ளே உதிர்ந்து வலுவிழந்ததால் 2016இல் மூடப்பட்டது. 2023இல் திறந்த புதிய மேடை, பாறை முனையைத் தொடாமல், பின்னால் உறுதியான பகுதியில் ஊன்றி அதற்கு மேலே அந்தரத்தில் நீண்டு நிற்கிறது. எதிரே தட்டையான தலையோடு தெரிவது 415 மீட்டர் உயரமுள்ள லிலியன்ஸ்டைன். அதற்கு அப்பால் கோனிக்ஷ்டைன் கோட்டை. இந்தத் தனிமேசை மலைகள், முன்பு தொடர்ச்சியாக இருந்த மணற்பாறைத் தளம் அரிக்கப்பட்டபின் எஞ்சியவை.

பாலத்தைப் படம் எடுக்க விரும்புபவர்கள் பாலத்துக்குப் போகும் முன், பக்கத்தில் பிரியும் ஃபெர்டினான்ட்ஸ்டைன் காட்சியிடத்துக்கு ஏறிவிட வேண்டும். அங்கிருந்துதான் ஏழு வளைவுகளும் முழுதாகத் தெரியும். 1826இல் இங்கே மரப்பாலம் இருந்தது. கூட்டம் பெருகவே 1851இல் அதே மணற்கல்லால் 76.5 மீட்டர் நீளத்தில் இப்போதைய பாலத்தைக் கட்டினார்கள். கீழே இருக்கும் பள்ளத்தின் ஆழம் 40 மீட்டர். பாலத்தருகே பாறையில் உள்ள நினைவுப் பலகை ஒன்று, 1853இல் ஹெர்மன் குரோனே என்ற ஒளிப்படக்காரர் இங்கே நிலக்காட்சிப் படம் எடுத்ததைச் சொல்கிறது. இன்று ஆண்டுக்குப் பல லட்சம் பேர் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

பாலத்தின் முடிவில் சிறு கட்டணம் செலுத்தி நுழையும் நாய்ராட்டன் கோட்டையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். என் கருத்தில் பாலத்தைவிட அதுவே பார்க்கத் தகுந்தது. இடைக்காலத்தில் பாறைத் தூண்களுக்கு இடையே மரத்தால் கட்டிய கோட்டை இது. மரம் முழுவதும் போய்விட்டது. உத்தரங்களைச் செருகப் பாறையில் வெட்டிய குழிகளும், மழைநீர்த் தொட்டியும், கவணில் வைத்து எறிந்த கல்லுருண்டைகளும் எஞ்சியிருக்கின்றன. ஒரு குழியை வைத்துக்கொண்டு அதில் எந்த அறையின் தளம் நின்றிருக்கும் என்று வழிகாட்டி விளக்குவதைக் கேட்கும்போது கோட்டை கண்முன் எழும். நடக்கும் வழி இரும்புக் கம்பி வலைத்தளமாக இருப்பதால் கால்களுக்கு அடியில் பள்ளம் தெரியும். உயரம் என்றால் தலை சுற்றுபவர்கள் பாலத்திலேயே காத்திருக்கலாம். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

வயதான பெற்றோரை அழைத்து வந்திருந்தால் அவர்கள் நடையைத் தவிர்த்து வண்டியில் பாஸ்டைக்கு வந்து சேர்ந்து, இங்கே உங்களோடு உணவருந்திவிட்டுத் திரும்பும்படி ஏற்பாடு செய்யலாம். கழிப்பறை வசதியும் இங்கேதான். இதன் பிறகு வேலன் வரை அதை நம்ப முடியாது.

கல்மேசையிலிருந்து வேலன் வரை

பாஸ்டையை விட்டு மேற்கே காட்டுக்குள் நுழைந்ததும் கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். அரை மணி நேரத்தில் வரும் கல்மேசை, 1710இல் சாக்ஸனியின் ஆட்சியாளரும் போலந்தின் அரசருமான பலசாலி அகஸ்டஸின் வேட்டைக்காக வைக்கப்பட்டது. கொண்டுவந்த சாப்பாட்டை இங்கே பிரிக்கலாம்.

அங்கிருந்து பக்கப் பள்ளம் ஒன்றின் வழியாக இறங்கினால் ஊட்டவால்டர் குருண்ட் பள்ளத்தாக்கின் சந்திப்புக்கு வருவீர்கள். வேலன் இடப்பக்கம் இருந்தாலும், முதலில் வலப்பக்கம் மேல்நோக்கிப் போய் ஃபெல்சன்டோர் என்ற பாறைவாயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். இரு சுவர்களுக்கு இடையே பெரும்பாறைகள் விழுந்து சிக்கி, பாதையின் மேல் கூரைபோல் நிற்கின்றன. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே வந்த காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஷ் இந்த வாயிலை வரைந்தார். அவரைப் போன்றவர்கள் நடந்த வழிகளை இணைத்து உருவாக்கிய ஓவியர் பாதை என்ற நெடும்பாதை, இந்தப் பள்ளத்தாக்கையும் தொட்டுச் செல்கிறது. பலகைகளில் தூரிகையால் எழுதியதுபோன்ற எம் எழுத்து அதன் குறி.

பள்ளத்தாக்கில் கைபேசித் தொடர்பு பல இடங்களில் கிடைக்காது. வழிகாட்டி இருந்தாலும், வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 112. மலை மீட்புக் குழுவுக்கு அவர்களே தகவல் தருவார்கள்.

பூங்கா விதிகளில் நான்கை மட்டும் மறக்கக் கூடாது. பூங்காவின் மையப் பகுதியில் வெள்ளை ஓரமிட்ட வண்ணப் பட்டைக் குறி உள்ள பாதையை விட்டு விலகக் கூடாது. கழுகு ஆந்தையும் பெரெக்ரின் வல்லூறும் கூடு கட்டும் பாறைகள் சில பருவங்களில் முழுவதுமாக மூடப்பட்டிருக்கும். காட்டுக்குள் புகைபிடிப்பதும் தீ மூட்டுவதும் ஆண்டு முழுவதும் தடை. ட்ரோன் பறக்கவிடவும் அனுமதியில்லை.

பள்ளத்தாக்கின் முடிவில் வேலன் ஊரின் சந்தைச் சதுக்கம் வரும். அங்கே காபி குடித்துவிட்டு, ஆற்றைக் கடந்து, எதிர்க்கரை நிலையத்தில் டிரெஸ்டன் திசை ரயிலில் ஏறுங்கள். பகலில் அரை மணி நேரத்துக்கு ஒன்று வரும். கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது, அதைத் தவறவிட்டால் ரயில் கண்ணெதிரே போகும்.

வீடு திரும்பியதும் குளிக்கும் முன், முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், இடுப்பு வார் அழுந்தும் இடம் ஆகியவற்றில் உண்ணி கடித்திருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால் எண்ணெய் தடவாமல், தீ வைக்காமல், நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிடுங்கள். உண்ணி மூலம் லைம் நோயும் மூளையழற்சியும் பரவும். பின்னதற்கு மட்டுமே தடுப்பூசி உண்டு. அடுத்த வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் வந்தாலோ, மருத்துவரிடம் காட்டுக்குப் போன தேதியைச் சொல்லிக் காட்டுங்கள்.